மின்மினிப் படையின் எட்டாவது இதழ்

போன மாதம் ஓசூரில் நடந்த கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் சண்டை போடுவது அழகில்லை என்று சும்மா இருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். காலனிக் கூட்டம் மொத்தமும் உட்கார்ந்து படியுங்கள். முழங்கால் வலியையும் சர்க்கரை மாத்திரையையும் பிறகு பேசிக்கொள்ளலாம்.

நடந்தது இதுதான். எதிர்வீட்டு அண்ணன் தன் செல்போனை நீட்டினான். யாரோ ஒரு புண்ணியவான் மின்மினிப் படை என்ற நம் பழைய படக்கதையின் ஏழு இதழ்களையும் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார். அடியில், முடிவில்லாமல் நின்றுபோன தொடர் என்று ஒரு குறிப்பு. எல்லாரும் உச்சுக் கொட்டினீர்கள். உடனே செக்யூரிட்டி ஆபீசர் மகன், இப்போது தலையில் ஒரு முடிகூட இல்லாதவன், என்னைக் காட்டி, “இவதான் அதுக்கு முடிவு எழுதறேன்னு உக்காந்து அவங்கப்பா வேலைக்கே உலை வெச்சாளே” என்றான். பந்தி முழுக்கச் சிரிப்பு.

இரண்டும் தப்பு. அந்தத் தொடர் முடிவில்லாமல் நிற்கவில்லை. என் அப்பா வேலைக்கு நான் உலை வைக்கவும் இல்லை. உங்கள் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நம் காலனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அப்போது தொழிற்பேட்டைக்குப் பின்னால், தைல மரத் தோப்பை ஒட்டி, வரிசை வரிசையாகக் கம்பெனி வீடுகள். பனி விலகுவதற்கு முன்பே முதல் ஷிப்ட் சங்கு ஊதும். நம் அப்பாக்கள் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். என் அப்பா கோவில்பட்டிப் பக்கம், டூல் ரூமில் வேலை. எதிர்வீட்டுக்காரர்கள் திருச்சி. அந்த வருடம்தான் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து சேர்ந்திருந்த செக்யூரிட்டி ஆபீசர் வேலூர்ப் பக்கம். தொரப்பள்ளியைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து பால் கொண்டுவந்தவர் வீட்டில் தெலுங்கு. பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடைக்காரர் வாயில் கன்னடம். நாம் எல்லாவற்றையும் கலந்து பேசினோம். சண்டைக்கு எது வசதியோ அது முதலில் வந்தது.

அந்தப் புத்தகக் கடையில்தான் மின்மினிப் படை தொங்கியது. மாதம் ஒரு இதழ். சாணித் தாள்தான், ஆனால் அட்டை மட்டும் கண்ணைப் பறிக்கும் மஞ்சள். மை சரியாகக் காயாது. படித்து முடித்தால் விரல் நுனியெல்லாம் கருப்பாகிவிடும், அந்த விரலோடு சாப்பிட உட்கார்ந்து நான் வாங்கிய அடி கொஞ்சமில்லை.

கதை தெரியாதவர்களுக்காக. மலைக்குள் ஒரு மின் நிலையம். அங்கே சுற்றிப் பார்க்கப்போன ஐந்து இளவட்டங்கள் ஒரு விபத்தில் மாட்டுகிறார்கள், ஆளுக்கொரு சக்தி வருகிறது. தலைவனின் உள்ளங்கையிலிருந்து ஒளி பாயும். இரண்டாமவன் ரயிலை முந்தி ஓடுவான். மூன்றாமவனுக்கு இருட்டில் கண் தெரியும். நான்காமவன் பாறையைத் தூக்குவான். ஐந்தாவது, தலைவனின் தங்கை. அவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை, தங்கை என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவளுக்கு என்ன சக்தி என்றும் சொல்லவில்லை. டார்ச் பேட்டரியும் பஞ்சும் வைத்த பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன்மார் பின்னால் ஓடுவாள், அடிபட்டவனுக்குக் கட்டுப் போடுவாள். ஒவ்வொரு இதழின் கடைசியிலும் ஆசிரியர் ஒரு கட்டம் கட்டி, தங்கையின் சக்தி என்ன என்று கேட்டு, பொறுத்திருங்கள் என்று போட்டிருப்பார். நான் பொறுத்திருந்தேன்.

நம் கூட்டத்திலும் ஐந்து பேர். எதிர்வீட்டு அண்ணன், அவன் தம்பி, செக்யூரிட்டி ஆபீசர் மகன், பால்காரர் மகன், நான். காலனிக்குப் பின்னால் இருந்த பாறைகள்தான் நமக்கு மின் நிலையம். ஒரே பெண் என்பதால் நான் யார் என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவின் ஒயர்க்கூடையைக் கையில் கொடுத்துவிட்டீர்கள்.

“நீ பையைத் தூக்கிட்டுப் பின்னாலயே வா. அதான் கதையில இருக்கு” என்றான் எதிர்வீட்டு அண்ணன்.

“எனக்கு என்ன சக்தி?”

“அது இன்னும் வரல. வந்தா சொல்றோம்.”

ஆறு மாதம் கூடை தூக்கினேன். உள்ளே பஞ்சுக்குப் பதில் நீங்கள் போட்ட கல். மறந்திருப்பீர்கள். தூக்கியவளுக்குத்தானே தெரியும்.

என் அம்மாவுக்கு அந்தப் புத்தகத்தைக் கண்டாலே ஆகாது. “குப்பை” என்பாள். வேறு சொல்லே கிடையாது. மூன்றாவது இதழை விரித்து அதன்மேல் பொரித்த வத்தலைக் கொட்டிவிட்டாள். எண்ணெய் ஊறி, தலைவன் முகத்தின் வழியாகப் பின்பக்கத்து வில்லன் தெரிந்தான். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. அவளும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஏழாவது இதழில் நால்வரும் பூமிக்கடியில் ஓர் இரும்பு அறைக்குள் மாட்டிக்கொண்டார்கள். கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது. ஒளியும் ஓட்டமும் அங்கே செல்லாது. வெளியே தங்கை மட்டும் பையோடு நிற்கிறாள். கடைசிப் படத்தில் அவள் சுவரில் கை வைக்கிறாள். தங்கையின் சக்தி அடுத்த இதழில் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு நான் கூடையைக் கீழே வைத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும்.

அடுத்த மாதம் கடைக்குப் போனேன். “இன்னூ பந்தில்லம்மா” என்றார் கடைக்காரர், இன்னும் வரவில்லையாம். அதற்கடுத்த மாதமும் அதே பதில். மூன்றாவது முறை போனபோது என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். “அந்தப் பொஸ்தகம் நின்னு போச்சும்மா. இனி வராது. வேற ஏதாவது எடுத்துக்கோ.”

நீங்கள் வேறு எடுத்துக்கொண்டீர்கள். கில்லி, பம்பரம், கிரிக்கெட் என்று போய்விட்டீர்கள். எனக்கு மட்டும் தூக்கம் பிடிக்கவில்லை. நால்வர் உள்ளே கிடக்கிறார்கள், கை வைத்தவள் கை வைத்தபடியே நிற்கிறாள். இவ்வளவு நாள் பை தூக்கியவளுக்கு என்ன சக்தி என்று தெரியாமலே விடுவதா என்று கோபம் கோபமாக வந்தது. இப்போதும் வருகிறது.

அதனால் எட்டாவது இதழை நானே வரைய ஆரம்பித்தேன்.

எதில் வரைந்தேன் என்பதுதான் விஷயம். கம்பெனியில் மெஷின் பாகங்களின் படங்களை அம்மோனியா பிரிண்ட் எடுப்பார்கள். பெரிய தாள், ஒரு பக்கம் ஊதாக் கோடுகள், மறுபக்கம் வெறுமை. முகர்ந்தால் மூக்கு எரியும். படத்தில் ஏதாவது மாற்றம் வந்தால் பழைய பிரிண்ட் ரத்தாகிவிடும். ரத்தான பிரிண்டை யாரும் தவறிப்போய் உபயோகித்துவிடக் கூடாது என்பதற்காக, கீழே வலது மூலையில் படத்தின் எண்ணும் பெயரும் இருக்கும் கட்டத்தை மட்டும் டிராயிங் ஆபீசில் வெட்டி எடுத்துவிடுவார்கள். மீதித் தாள் கழிவு. அதை ஆளாளுக்குச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். நம் எல்லார் வீட்டுப் பாடப் புத்தகத்துக்கும் அட்டை எதில் போட்டோம்? பையைத் திறந்தாலே காலனிப் பிள்ளை என்று வாத்தியாருக்கு வாசனையில் தெரியும். மறந்துவிட்டோம் என்று சொல்லாதீர்கள்.

தாளைத் திருப்பி, நெட்டுக்குத்தாக வைத்து முதல் பக்கம் வரைந்தபோது அந்த மூலை இல்லாதது எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. கடைசிக் கட்டம் வர வேண்டிய இடத்தில் தாளே இல்லை. வேறு தாளில் ஒரு துண்டு வெட்டி, சோற்றுப் பருக்கையால் ஒட்டிப் பார்த்தேன். காய்ந்ததும் விழுந்துவிட்டது. விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் தங்கையின் சக்தி எனக்குத் தெரிந்தது.

அவளால் பக்கத்தை விட்டே வெளியே போக முடியும். அந்த மூலைதான் கதவு. ஒவ்வொரு பக்கத்திலும் மூலை வழியாகக் கதைக்கு வெளியே போவாள், நடந்து போய், வேண்டிய இடத்தில் மறுபடி கதைக்குள் வருவாள். எந்தச் சுவரும் அவளை நிறுத்தாது, ஏனென்றால் சுவர் பக்கத்துக்குள்தான் இருக்கிறது. முதலில் தனியாகத்தான் போகத் தெரியும். பிறகு ஒரு பல்லியைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தாள், பல்லியும் வந்தது. அப்புறம் ஓர் ஆட்டுக்குட்டி. கடைசியில் இரும்பு அறைக்குள்ளேயே வந்து நின்றாள். நால்வரும் சுவரில் சாய்ந்து கிடந்தார்கள். அவள் தலைவனின் கையைப் பிடித்து மூலையைப் பார்த்து நடக்கிறாள். அதோடு அந்தப் பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்தில் வெளியே வர வேண்டும்.

வரைந்ததைச் சுருட்டி அரிசி டின்னுக்குப் பின்னால் வைப்பேன். நான் எப்படிக் கலைத்து வைத்தாலும், அடுத்த முறை எடுக்கும்போது பக்கங்கள் வரிசையாக, ஓரம் ஒட்டி அடுக்கியிருக்கும். அப்பாவின் வேலை என்று நினைத்தேன். அவர் எதையும் ஒழுங்காக அடுக்குகிறவர்.

அந்த நேரம் பார்த்துச் செக்யூரிட்டி ஆபீசர் மகனுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை. யாரும் உள்ளே போகக் கூடாது. டேய், நான் வரைவதைக் கேள்விப்பட்டு நீ பால்காரர் மகனிடம், “தங்கச்சிக்கு என்ன சக்தின்னு கேட்டு வா” என்று சொல்லி அனுப்பினாய். சொன்னால் புரியாது, பார்த்தால்தான் புரியும் என்று இரண்டு பக்கங்களை அவனிடம் கொடுத்தனுப்பினேன். மறுநாள் பால் கேனோடு அவன் மூச்சு வாங்க வந்தான்.

“உன் பேப்பர அவங்க நைனா பாத்துட்டாரு. கைலயே எடுத்துக்கினு போயிட்டாரு.”

“கதை நல்லாயிருக்குன்னாரா?”

“கதைய எங்க பாத்தாரு? திருப்பி அந்தப் பக்கந்தான் பாத்தாரு.”

நீ காட்டிக்கொடுத்தாய் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. உன் அப்பாவும் கெட்டவர் இல்லை. புதிதாக வந்தவர், கழிவுப் பேப்பர் வழக்கத்தை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு லேத் பட்டறையில் நம் கம்பெனிப் பாகங்களுக்கு நகல் செய்கிறார்கள் என்று அப்போது பேச்சு. படம் வெளியே போகிறது, கண்டுபிடி என்று மேலே இருந்து அவருக்கு நெருக்கடி. கையில் கம்பெனிப் படம் கிடைக்கிறது, எண் இருக்க வேண்டிய மூலை வெட்டப்பட்டிருக்கிறது. அவர் வேறு என்ன நினைப்பார்? ஆனாலும் ஒரு வார்த்தை உன்னைக் கேட்டிருக்கலாம். உன் நோட்டுக்கு அட்டையும் நாங்கள் கொடுத்த அந்தத் தாளில்தானே போட்டிருந்தது.

போகிக்கு முந்தின நாள் பள்ளி விட்டு வந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். சீருடையோடு, டிபன் கேரியரைக்கூடத் திறக்காமல், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையில் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்களாம். பொங்கல் முடிந்து விசாரணை, வீட்டில் இருக்கும் எல்லாத் தாளையும் கொண்டுவர வேண்டும். அப்பா இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை. அந்த மாதக் கடைசியில் ஆர்டர் வர வேண்டியது. வராவிட்டால் வேலை இல்லை, கம்பெனி வீடு இல்லை, மூட்டை கட்டிக்கொண்டு கோவில்பட்டிக்குத் திரும்ப வேண்டியதுதான். அம்மா இதை என்னிடம் சொல்லவில்லை. பாத்திரம் விழுந்த சத்தத்தில் நானே புரிந்துகொண்டேன்.

மறுநாள் விடிகாலை போகி. இதைத்தான் நீங்கள் பந்தியில் சொல்ல மறந்தீர்கள். வேறெந்தப் போகியிலும் நம் காலனியில் அவ்வளவு காகிதம் எரிந்ததில்லை. ஒவ்வொரு வாசலிலும் உங்கள் அப்பாக்கள் உங்கள் பாடப் புத்தகங்களின் அட்டைகளைக் கிழித்துக் கிழித்துத் தீயில் போட்டார்கள். ஊதாத் தாள் சுருண்டு எரிந்தது. புகை கண்ணை அப்படி எரித்தது. பனியும் அந்தப் புகையும் சேர்ந்து நம் வரிசையில் எதிர்வீடு தெரியவில்லை. ஒருவர்கூட எங்கள் வாசலுக்கு வரவில்லை. நாங்களும்தான் கொண்டுவந்தோம், எல்லாரும்தான் கொண்டுவந்தோம் என்று ஒரு வார்த்தை கம்பெனியில் போய்ச் சொல்ல ஒரு வீட்டுக்கும் தைரியம் இல்லை. உங்கள் அப்பாக்களுக்கும் பிள்ளை குட்டி இருந்தது, பயம் இருந்தது, எனக்குத் தெரியும். அதற்காக என்னைப் பார்த்துச் சிரிக்க உங்களுக்கு உரிமை வந்துவிடாது.

அம்மா தீப்பெட்டியோடு நின்றாள். “ஏட்டி, அந்தத் தாளையெல்லாம் கொண்டா. நாமளும் எரிச்சிருவோம்.”

“மாட்டேன்.” சுருளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

“குப்பைக்காகக் குடும்பம் தெருவுக்கு வரணுமா?”

அப்பா உள்ளேயிருந்து சொன்னார். “எரிச்சா திருடின மாதிரி ஆயிரும். இருக்கட்டும்.”

அம்மா தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். அந்த வருடம் போகிக்குத் தீ மூட்டாத ஒரே வாசல் எங்களுடையது.

விசாரணை நாளன்று நானும் வருவேன் என்றேன். “பொம்பளப் பிள்ளைக்கு அங்க என்ன சோலி?” என்று அம்மா அதட்டினாள். அப்பா என்னையும் சுருளையும் மாறி மாறிப் பார்த்தார். “கொண்டாரச் சொன்ன தாள் அவளுதுதானே. வரட்டும்” என்றார். சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனேன். ரோட்டில் எல்லைச் சோதனைச் சாவடிக்குப் போகும் லாரிகள் வரிசையாக நின்றன. வழியெல்லாம் பெடல் கிறீச்சிட்டது.

பர்சனல் ஆபீசர் அறையில் மூன்று பேர். மேஜைக்குப் பின்னால் பர்சனல் ஆபீசர். பக்கத்தில் விறைப்பாகச் செக்யூரிட்டி ஆபீசர். சுவரோரம் டிராயிங் ஆபீஸ் கிளார்க். மூலையை வெட்டுவது அந்தக் கிளார்க்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

“பாப்பாவ எதுக்குப்பா கூட்டிட்டு வந்தே?”

“அது வரைஞ்சதுங்க சார்” என்றார் அப்பா.

செக்யூரிட்டி ஆபீசர் தொண்டையைச் செருமினார். “சார், நம்பர் இருக்கிற இடம் எல்லாத் தாள்லயும் வெட்டியிருக்கு. எந்த டிராயிங்னு தெரியக்கூடாதுன்னு வீட்டுல வெட்டியிருக்காங்க.”

“டிராயிங் ஆபீஸ்லயே வெட்டினதுங்க சார். கேன்சல் ஆன பிரிண்ட்” என்றார் அப்பா.

பர்சனல் ஆபீசர் கிளார்க்கைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். “நெறைய போகுது சார். எதுன்னு எப்படிச் சொல்றது” என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. “நான் வெட்டல. எங்கப்பாவும் வெட்டல. வரும்போதே அப்படித்தான் வரும்” என்றேன். “யாரு வெட்டறாங்கன்னு தெரியாது. ஆனா எல்லாத்துலயும் ஒரே அளவா, அழகா வெட்டுவாங்க. அதனாலதான் அதைக் கதவா வெச்சேன்.”

“என்ன கதவு?”

“தங்கச்சி வெளிய போற கதவு.”

பர்சனல் ஆபீசர் சுருளைப் பிரித்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார். காய்ந்த சோற்றுப் பருக்கையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். டீ ஆறியது. கடைசிப் பக்கம் வந்ததும் அடியில் இன்னும் ஒன்று இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்தார்.

“பசங்க வெளிய வந்தாங்களா?”

“இன்னும் வரையல. பேப்பரெல்லாம் நீங்க கேட்டுட்டீங்க.”

அவர் மேஜையிலிருந்து முழுப் பிரிண்ட் ஒன்றை எடுத்து விரித்து, அதன்மேல் என் தாளைத் திருப்பி வைத்தார். வெட்டிய இடத்தில் அடியில் இருந்த படத்தின் எண் கட்டம் மட்டும், ஒரு கோடு கூடாமல் குறையாமல் தெரிந்தது. அடுத்த தாளை வைத்தார். அதுவும் அப்படியே. அப்போது சுவரோரம் இருந்தவர் வாயைத் திறந்தார்.

“நான்தான் சார் வெட்டறது. ஸ்கேல் வெச்சு வெட்டுவேன்.” பிறகு, “எல்லாரும் எடுத்துட்டுப் போவாங்க சார். இவர் மட்டும் இல்ல” என்றார். அதைச் சொல்லும்போது அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, என் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கிட்ட யாரும் சொல்லல சார்” என்றார் செக்யூரிட்டி ஆபீசர். குரல் இறங்கியிருந்தது.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. கேட் பாஸ் இல்லாமல் கழிவுத் தாள்கூட வெளியே போகக் கூடாதாம். எழுத்தில் புகார் வந்துவிட்டதால் எழுத்தில் ஒரு பதிலும் வேண்டுமாம். பர்சனல் ஆபீசர் நல்ல மனதோடுதான் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். “குழந்தை உங்க பையிலேருந்து தெரியாம எடுத்துடுச்சுன்னு எழுதிக் குடுத்துடுங்க. சின்னப் பொண்ணு, அதை யாரு என்ன செய்யப் போறாங்க? உங்க ஆர்டர் மாசக் கடைசில வந்துடும்.”

என் அப்பா யாரைப் பார்த்தாலும் சார் சொல்கிறவர். பேனாவை எடுத்தார். மூடியைத் திருகினார். தேதி எழுதினார்.

“நான் எடுக்கல” என்றேன். “அப்பாதான் குடுத்தாரு. வரையறதுக்குன்னுதான் குடுத்தாரு.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு பர்சனல் ஆபீசரிடம் திரும்பி, “அவ சொல்றது சரிங்க சார். நான்தான் குடுத்தேன். அப்படியே எழுதறேன்” என்றார். எழுதினார், கையெழுத்தும் போட்டார்.

கிளம்பும்போது என் பக்கங்களைக் கேட்டேன். கம்பெனிப் பேப்பர், ஃபைலில் இருக்க வேண்டும் என்றார்கள்.

“கோடு போட்ட பக்கம்தான் உங்களுது. கதை இருக்கிற பக்கம் என்னுது” என்றேன். செக்யூரிட்டி ஆபீசர்கூடச் சிரித்துவிட்டார். ஆனால் கொடுக்கவில்லை.

திரும்பும் வழியில், தைல மரத் தோப்புக்குப் பக்கத்தில் அப்பா சைக்கிளை நிறுத்தினார். “நீ பேசலைன்னா நான் எழுதிக் குடுத்திருப்பேன்மா. அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு” என்றார். அவர் அழுவது போல இருந்தது. நான் கேரியரை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

பெர்மனென்ட் ஆர்டர் ஒரு வருடம் தள்ளிப் போனது. அந்த ஒரு வருடமும் குழாயடியில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசியது இதுதான்: அந்தப் பொண்ணு வாயை மூடிட்டு இருந்திருந்தா அவருக்கு இந்த நிலைமை வந்திருக்காது. அதைத்தான் இன்றைக்கும் நீங்கள் பாயசத்தோடு பரிமாறுகிறீர்கள். தள்ளிப் போனது உண்மை. ஆனால் வந்தது. என் அப்பா அதே டூல் ரூமில் தலை நரைக்கும் வரை வேலை பார்த்து, மாலை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மகளைத் திருடி என்று எழுதிக்கொடுத்து வாங்கிய ஆர்டர் இல்லை அது. நான் எதற்கு வெட்கப்பட வேண்டும்? இன்னொரு முறை அந்த அறையில் என்னை நிறுத்தினாலும் அதையேதான் சொல்வேன்.

அந்தப் பக்கங்கள் திரும்பி வரவில்லை. கம்பெனி கைமாறியது, ஃபைல்கள் எந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போயினவோ. ஆனால் கடைசிப் பக்கம் என்னிடம் இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதை உங்களில் யாருக்கும் இதுவரை நான் சொன்னதில்லை.

விசாரணை முடிந்த அன்றைக்கு அம்மா என்னோடு பேசவே இல்லை. அப்பா நடந்ததைச் சொன்னபோது கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். மறுநாள் மத்தியானம் நான் சும்மா தரையில் படுத்திருந்தேன். இனிமேல் வீட்டுக்குள் ஒரு துண்டு பிரிண்ட்கூட வராது. தங்கை தலைவனின் கையைப் பிடித்தபடி எங்கோ ஒரு ஃபைலுக்குள் நிற்கிறாள்.

சமையலறைச் சுவரில் கம்பெனி கொடுத்த புது வருடக் காலண்டர் தொங்கியது. பெரிய வழவழப்பான தாள். அம்மாவுக்கு அதுதான் எல்லாம். பால் வராத நாள், கேஸ் வந்த நாள், ஊரிலிருந்து ஆள் வரும் நாள், எல்லாவற்றையும் அதில்தான் குறிப்பாள். நானோ அப்பாவோ பேனாவோடு கிட்டப் போனால் கத்துவாள். ஜனவரி முடிய இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது. அம்மா நாற்காலி போட்டு ஏறி, அந்த மாதத் தாளை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் கிழித்தாள். தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி தரையில் விரித்து, நான்கு விரல் வைத்து அளந்து, கீழ் வலது மூலையை வெட்டி எடுத்தாள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். அரிசி டின்னுக்குப் பின்னால் யார் அடுக்கி வைத்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. குப்பை என்று சொன்னவள் ஒரு பக்கம் விடாமல் படித்திருக்கிறாள்.

அவள் தாளை என் பக்கம் தள்ளினாள், முகத்தைக் கடுகடுவென்றே வைத்துக்கொண்டு.

“அந்தப் பிள்ளைகளச் சீக்கிரம் வெளிய கூட்டிட்டு வா. உள்ள கெடந்து எத்தன நாளாச்சு. சாப்பிட்டாகளோ என்னமோ” என்றாள்.

சாயங்காலத்துக்குள் நால்வரையும் வெளியே கூட்டி வந்துவிட்டேன்.